கைவிடப்பட்ட விமானத் திடல்களும் உழவர் நிலமும்

குமராட்சி வட்டாரத்து நஞ்சைகளில் வீராணத்து நீர் பாய்ந்து நெல் விளைவதையே கண்டு பழகிய நிலக்காரர்களுக்கு, விமானத் திடல் பற்றிய பேச்சு வேற்றூர்ப் பேச்சாகத் தோன்றுதல் இயல்பு. வயலுக்கும் ஆகாய விமானத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவவும் கூடும். ஆயின் இவ்வட்டாரத்திலிருந்து வடமேற்கே ஒரு பகற் பொழுதில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் இரண்டு திடல்கள் உள்ளன. ஒன்று உளுந்தூர்ப்பேட்டையில் யுத்த காலத்தில் அமைந்தது. மற்றொன்று நெய்வேலியில் நிலக்கரிக் கம்பெனிக்கு உரியது. விமானம் பறந்த காலம் இரண்டிலும் சிறிது. வெறுமனே கிடந்த காலமே பெரிது.

நிலம் ஒரு பணிக்கென்று கொடுக்கப்படுகிறது. சில ஆண்டுகளில் அப்பணி முடிந்துவிடுகிறது. அதன்பின் நிலம் யாருடையது, அதன் குறுக்கே ஓடிய நீர் எங்கே போகும், மண் மறுபடி விளையுமா என்னும் மூன்று கேள்விகளும் ஊராரிடமே எஞ்சி நிற்கின்றன. விமானத் திடல்களின் வரலாற்றை உழவரும் கிராம அதிகாரிகளும் அறியவேண்டுவது இதன் பொருட்டே. சாலை, கால்வாய், சுரங்கம், தொழிற்பேட்டை ஆகிய எதற்காக நிலம் எடுக்கப்படினும் இம்மூன்று கேள்விகளும் எழும். 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களின் ஊடே மண் வெட்டப்பட்டதை இந்த ஜில்லாவில் மறந்தவர் இலர்.

யுத்தம் தந்த திடல்கள்

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பின்மீதும், 6-ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைகளின்மீதும், 9-ஆம் தேதி திருகோணமலையின்மீதும் குண்டுகள் விழுந்தன. அதுகாறும் வடமேற்கு எல்லையையே காத்து நின்ற பிரிட்டிஷ் சர்க்காருக்குக் கிழக்குக் கடற்கரை திறந்து கிடப்பது அப்போதுதான் உறைத்தது. சென்னை நகரத்தார் மூட்டை முடிச்சுகளுடன் வெளியூர்களுக்குப் போன மாதமும் அதுவே.

இதன் விளைவாகச் சென்னை இராஜதானியின் பல இடங்களில் விமானத் திடல்கள் விரைந்து அமைக்கப்பட்டன. சென்னைக்கு வடக்கே சோழவரம், தென்னார்க்காட்டில் உளுந்தூர்ப்பேட்டை, இராமநாதபுரம் ஜில்லாவில் செட்டிநாடு, திருநெல்வேலிச் சீமையில் கயத்தாறு ஆகியவை அக்காலத்துத் திடல்களுள் சில. இவை பெரும்பாலும் மேட்டுப் புன்செய்ப் பாங்கான இடங்களில் அமைந்தமை கவனிக்கத்தக்கது. கொள்ளிடக் கரையின் களிமண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும். அதன்மேல் பாவிய கல்லும் சிமிட்டியும் நிலைத்து நில்லா. இறுகிய சரளையும் செம்மண்ணும் உள்ள மேட்டு நிலமோ பளுவைத் தாங்கும். குமராட்சி வயல்களைக் காத்தது ஒருவகையில் அவற்றின் களிமண்ணே எனலாம்.

கனத்த குண்டு விமானம் இறங்குதற்குரிய முதன்மை ஓடுபாதைக்குப் பிரிட்டிஷ் விமானப் படையார் கொண்டிருந்த அளவு 2000 கஜம் நீளமும் 50 கஜம் அகலமும் ஆகும். இது ஒரு லட்சம் சதுர கஜம். அதாவது 20 ஏக்கராவுக்குச் சற்று மேற்பட்ட பரப்பு. ஓடுபாதை மட்டுமே திடல் ஆகாது. விமானங்களை மறைவாக நிறுத்தும் இடங்கள், அவற்றிற்குச் செல்லும் கிளைப்பாதைகள், எண்ணெய்க் கிடங்கு, படைவீடு, இரு முனைகளிலும் மரமும் மேடும் இன்றி விடப்பட்ட வெளி ஆகிய எல்லாம் சேரும்போது பல நூறு ஏக்கரா அடைபடும்.

1945 ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது; திடல்களின் தேவையும் அதனுடன் முடிந்தது. மூன்று போகம் விளைந்து ஓய்வதற்குள் கட்டி முடித்துப் பயன்படுத்திக் கைவிட்ட வேலை, மூன்று தலைமுறைக்கு நிலத்தில் நின்றுவிட்டது. சோழவரத்து ஓடுபாதையில் பிற்காலத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் பல ஆண்டுகள் அங்கே பந்தயம் நடத்தினர். செட்டிநாட்டுத் திடல் அரசாங்கக் கால்நடைப் பண்ணையின் எல்லைக்குள் அமைந்திருப்பதால், விமானம் ஓடிய இடத்தருகே மாடுகள் மேய்ந்தன. உளுந்தூர்ப்பேட்டைத் திடலுக்கு இத்தகைய மறுபயனும் வாய்க்கவில்லை. நெடுஞ்சாலையில் போவோர் வருவோர் கண்ணில் படும் அண்மையில் இருந்தும் அது பறப்பாரும் உழுவாரும் இன்றிக் கிடந்தது.

நெய்வேலிக் கம்பெனியின் திடல்

நெய்வேலித் திடலின் கதை வேறு. 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அப்பகுதியில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்ததைக் கண்டு, அதை ஆராயும்படி இடைவிடாது வற்புறுத்தி, தம் நிலத்தையும் உவந்து அளித்தவர் ஜம்புலிங்க முதலியார். 1956-இல் பழுப்பு நிலக்கரிக் கம்பெனி நிறுவப்பட்டது. 1957-இல் சுரங்க வேலை தொடங்கியது. 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. செம்மண் காட்டில் ஒரு நகரம் எழுந்தது. அந்நகரத்தை ஒட்டிக் கம்பெனி தன் உடைமையாகவே ஒரு விமானத் திடலையும் வைத்துக்கொண்டது.

1981-இல் தோன்றிய வாயுதூத் என்னும் விமானக் கம்பெனி சிற்றூர்களையும் பெருநகரங்களையும் சிறு விமானங்களால் இணைக்க முற்பட்டது. அவ்வாறு அதன் சேவை நெய்வேலிக்கும் சில காலம் கிடைத்தது. ஆயின் ஆள் குறைவு, செலவு மிகுதி. அக்கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி 1993-இல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைக்கப்பட்டது. நெய்வேலியிலிருந்து சென்னைக்கு இரயிலும் பேருந்தும் உள்ளபோது விமானத்திற்குக் காத்திருப்பார் சிலரே என்பது கணக்கறிந்த எவர்க்கும் விளங்கும்.

2016 அக்டோபரில் மத்திய அரசாங்கம் 'உடான்' என்னும் திட்டத்தை அறிவித்தது. 2017 மார்ச்சில் முதற் சுற்றில் ஒதுக்கப்பட்ட வழிகளுள் நெய்வேலி–சென்னை வழியும் ஒன்று. ஆயின் அதைப் பெற்ற கம்பெனி சேவையைத் தொடங்கவேயில்லை. அதே சுற்றில் இடம்பெற்ற சேலத்திலோ 2018 மார்ச்சில் விமானம் மறுபடி பறந்தது. உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, சோழவரம், கயத்தாறு ஆகியவையும் சேவையற்ற திடல்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆதலின் கைவிட்ட திடல் என்றும் கைவிட்டதாகவே இருக்கும் என்று அருகிலுள்ளோர் எண்ணிவிடலாகாது. எண்பது ஆண்டு கிடந்தாலும் ஒரு காகிதம் அதை மீளவும் எழுப்பக்கூடும்.

உழவர் தாமே அமைத்த திடல்கள்

உழவர் தம் சொந்த நிலத்தில், தம் பணிக்கென்றே விமானத் திடல் அமைத்த நாடும் உண்டு. நியூஜிலாந்தின் மலைச்சரிவு மேய்ச்சல் நிலங்களில் மணிச்சத்து மிகக் குறைவு. வண்டியும் மாடும் ஏற முடியாத அச்சரிவுகளில் சூப்பர் பாஸ்பேட் உரத்தைத் தூவ, யுத்தத்திற்குப் பின் வேலையின்றி நின்ற சிறு விமானங்களை அந்நாட்டார் பயன்படுத்தினர். படை விமானங்களைக் கொண்டு 1948-இல் சோதனைகள் நடந்தன. 1949 முதல் அது ஒரு தொழிலாயிற்று. உழவர்கள் தத்தம் மலைமுகட்டில் சில நூறு கஜ நீளத்திற்குப் புல்தரையைச் சமன்செய்து, ஒரு முனையில் உரக்கொட்டகை கட்டினர். விமானம் மேட்டை நோக்கி இறங்கும். உரம் ஏற்றிக்கொண்டு பள்ளத்தை நோக்கிப் பறந்தெழும்.

1984-இல் அந்நாட்டு அரசாங்கம் உழவர்க்கு அளித்துவந்த மானியங்களை நீக்கத் தொடங்கியது. உரச்செலவு கட்டாமையால் வான்வழி உரமிடுதல் வெகுவாகக் குறைந்தது. பல திடல்கள் ஓய்ந்தன. ஆயினும் அங்கே யாரும் நிலம் போயிற்று என்று வருந்தவில்லை. சிமிட்டி இடாத புல்தரையாதலின் விமானம் போன மறுநாளே ஆடுகள் மேயலாம். உடையவனும் மாறவில்லை, நீர்வழியும் மாறவில்லை.

திடல் எத்தனை நாள் பயன்பட்டது என்பது பெரிதன்று. மீளும் வழி முதலிலேயே இருந்ததா என்பதே பெரிது. அவ்வழி மூன்று கூறு உடையது: ஏடு, நீர், மண்.

முதலாவது: ஏடு

யுத்த காலத்தில் நிலம் இரு வகையாகப் போயிற்று. 1939-ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான விதிகளில் 75-அ என்னும் விதிப்படி, நிலத்தைத் தற்காலிகமாகக் கைக்கொள்ளுதல் ஒரு வகை. இதில் உடைமை உழவனுக்கே, அனுபவம் மட்டும் சர்க்காருக்கு. 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி விலை கொடுத்து அடியோடு எடுத்தல் மற்றொரு வகை. இதில் உடைமையே மாறிவிடும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. தற்காலிகமாகக் கைக்கொண்டது பிறகு நிரந்தரமாக மாற்றப்பட்டதும் உண்டு. தாத்தா கையொப்பமிட்டது எந்த வகைக் காகிதம் என்பதை அறியாமலே பேரன் மனு எழுதுவது வீண் அலைச்சலாகும்.

1894-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடியோடு எடுத்த நிலம், பயன்படாமற் கிடந்தாலும் தானே பழைய உடையவனுக்குத் திரும்பாது. 1997-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் அச்சட்டத்தில் 48-ஆ என்னும் பிரிவைச் சேர்த்து, தேவையற்ற நிலத்தை இழப்பீட்டுத் தொகையைத் திருப்பிச் செலுத்தும் பழைய உடையவர்க்கு மாற்றித் தர வழிசெய்தது. அதுவும் அரசாங்கத்தின் விருப்பமேயன்றி உடையவனது உரிமையாக வைக்கப்படவில்லை. 2014 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தின் 101-ஆம் பிரிவு, அச்சட்டப்படி எடுத்த நிலம் சுவாதீனம் பெற்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டு பயன்படாமல் இருந்தால் பழைய உடையவர்க்கோ அவர் வாரிசுகளுக்கோ, அல்லது அரசாங்கத்தின் நில வங்கிக்கோ திரும்பவேண்டும் என்கிறது. 'அல்லது' என்னும் அச்சொல்லைக் கவனிக்க. ஐந்து ஆண்டு கழிந்தவுடன் நிலம் வீடு தேடி வரும் என்பது இதன் பொருள் அன்று.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 1980-இல் பரம்பரைக் கர்ண உத்தியோகம் நீக்கப்பட்டபோது, எந்தப் புல எண் எப்போது எதற்காகப் போயிற்று என்னும் வாய்வழி நினைவும் பல ஊர்களில் அற்றுப்போயிற்று. 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் புல எண்களும் பட்டாக்களும் திருத்தப்பட்டன. ஆதலின் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்புமைப் பதிவு, 'அ' பதிவேடு, புலப்படம், எடுப்பு அறிவிக்கை, இழப்பீடு பெற்ற ஆதாரம் ஆகிய ஐந்தையும் ஒன்றுசேர்த்து வைத்தல் வேண்டும். திடலை ஒட்டி ஆண்டாண்டாகச் சாகுபடி செய்வோர், அடங்கலில் தம் பெயர் ஏறியதனால் மட்டும் நிலம் தமதாயிற்று என்று நம்பிக் கிணறு தோண்டிக் கடன்படுதல் அபாயகரமானது. அதனை முன்கூட்டியே அவர்களுக்கு எடுத்துச் சொல்லுதல் கிராம அதிகாரியின் கடமை.

இரண்டாவது: நீர்

மேட்டு நிலத்து ஏரிகள் வரத்துக்கால்களால் உயிர்வாழ்வன. ஒரு மைலுக்கு மேற்பட்ட நீளத்தில் ஒரே மட்டமாக உயர்த்திய பாதை அக்கால்களின் குறுக்கே விழுமாயின், ஒருபுறம் நீர் தேங்கும். மறுபுறத்து ஏரி வறளும். மேற்கூறிய அளவுள்ள ஓடுபாதைமேல் ஓர் அங்குல மழை பெய்தால் 75,000 கன அடி, அதாவது சுமார் 21 லட்சம் லிட்டர் நீர் விழும். செம்மண் நிலமாயிருந்தால் இதில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கும். சிமிட்டித் தளத்தில் அநேகமாக முழுவதும் ஓரத்து வயல்களில் பாயும். ஐப்பசி கார்த்திகையில் ஒரே நாளில் ஐந்து ஆறு அங்குலம் பெய்யும் நாட்டில் இது சிறு விஷயம் அன்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் சென்னை விமான நிலையத்திற்குள் புகுந்து பல நாள் அதனை மூடவைத்தது. நீர்வழியில் அமைந்த திடலை நீர் மறக்கவில்லை.

கைவிட்ட திடலை ஒட்டி நிலம் உடையோர், கோடையிலேயே பழைய புலப்படத்தைக் கொண்டு வரத்துக்கால்களின் தடத்தை நடந்து பார்க்கவேண்டும். பாதைக்கு அடியிலுள்ள குழாய்களும் மதகுகளும் மண்ணேறிக் கிடப்பின், நிலத்துக்கு உரிய துறையினரிடம் எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெற்றுத் தூர் வாரவேண்டும். வழியும் நீரை ஓரத்தில் பண்ணைக் குட்டையில் தேக்கினால் கேடே நன்மையாகும். 100 அடி நீளம், 100 அடி அகலம், 5 அடி ஆழமுள்ள குட்டை 50,000 கன அடி கொள்ளும். ஓர் அங்குல மழையில் ஓடுபாதையிலிருந்து வழிவது இத்தகைய குட்டை ஒன்றரையை நிரப்பும்.

மூன்றாவது: மண்

ஓடுபாதைக்காகச் செய்யும் வேலை உழவன் செய்யும் வேலைக்கு நேர் எதிரானது. உழவன் மண்ணைப் பொலபொலப்பாக்குகிறான். அவர்கள் உருளையிட்டு அதனை இறுக்குகிறார்கள். மேல்மண் வழித்து எறியப்படுகிறது. செம்மண்ணின் ஒரு கன சென்டிமீட்டர் எடை 1.7 கிராமுக்கு மேற்பட்டு இறுகினால் வேர் இறங்குதல் அரிது. இத்தகைய நிலம் உரியவர் கைக்கு முறைப்படி மீண்டபின் கீழ்க்கண்டவாறு சீர்திருத்தலாம்.

1. சிமிட்டிப் பாளங்களையும் சரளையையும் முதலில் அகற்றவேண்டும். உடைத்த கல் சாலை வேலைக்கு உதவும். மண்ணுடன் கலந்து விட்டால் சுண்ணாம்பு ஏறிக் காரத்தன்மை மிகும். இரும்புத் துண்டுகள் கலப்பையையும் மாட்டுக் குளம்பையும் கெடுக்கும்.

2. நாலைந்து இடங்களில் மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்பவேண்டும். எண்ணெய்க் கிடங்கு இருந்த இடத்து மண்ணைத் தனியே எடுத்தல் அவசியம்.

3. கோடையில் மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் ஒன்றரை அடிக்கு ஓர் உழவாக, சுமார் 40 சென்டிமீட்டர் ஆழம் முதலில் ஒருபுறமாகவும் பின் குறுக்காகவும் உழவேண்டும். ஈர மண்ணில் உழுதால் இறுக்கம் நெகிழாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இதனைத் திரும்பச் செய்தல் நலம்.

4. ஏக்கராவுக்கு 5 டன் தொழுவுரம் அல்லது மக்கிய தென்னை நார்க்கழிவு இடவேண்டும். ஏரி வண்டல் கிடைப்பின் மேல்மண் இழந்த குறை விரைவில் தீரும்.

5. முதல் மழையில் ஏக்கராவுக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழவேண்டும். நீர் தங்காத மேட்டில் சணப்பும் கொழுஞ்சியும் ஏற்றவை.

6. அடுத்த பருவங்களில் கம்பு, கேழ்வரகு, பின் மணிலாக்கொட்டை என்று படிப்படியாகப் பயிரிடலாம். உழவே ஏறாத சரளைப் பகுதியில் ஒன்றரை அடிக் குழி வெட்டி, வண்டலும் எருவும் நிரப்பி, 7 மீட்டர் இடைவெளியில் முந்திரி நடலாம். ஏக்கராவுக்கு ஏறக்குறைய 80 மரம் கொள்ளும். பண்ணுருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரி செழித்து வருவது யாவரும் அறிந்தது.

முதல் இரண்டு மூன்று ஆண்டு முழு விளைச்சலை எதிர்பார்த்தல் கூடாது. எந்தத் துறையின் வசம் நிலம் உள்ளதோ அத்துறை அனுமதிக்குமாயின், சிமிட்டி நன்றாக உள்ள பகுதியை உடைக்காமல் நெல்லும் உளுந்தும் உலர்த்தும் களமாக வைத்துக்கொள்வதே சிக்கனம்.

முடிவு

வான்வழியாக மருந்து தெளிக்க விரும்பும் உழவனுக்கு இக்காலத்தில் திடலே வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் வெளிவந்தபின், 10 லிட்டர் தொட்டியுடன் வரப்பிலிருந்தே எழும்பும் பொறிகள் டெல்டா வயல்களிலும் பறக்கின்றன. எனவே விமானத்திற்கென்று தன் நிலத்தைத் தானே விடும் உழவன் இந்நாட்டில் இனித் தோன்றான். ஆயின் வேறு பணிகளுக்கு நிலம் கேட்கப்படுதல் நிற்கப்போவதில்லை. நாட்டுக்கு அவை வேண்டுவனவாகவும் இருக்கலாம்.

அப்பொழுது விலையை மட்டும் பேசி எழுந்துவிடாமல், எந்தச் சட்டப்படி எடுக்கிறார்கள், பணி முடிந்தால் நிலம் யாருக்கு, குறுக்கே ஓடும் கால் எவ்வழியாய்ப் போகும், வழித்த மேல்மண் எங்கே குவிக்கப்படும் என்னும் நான்கையும் காகிதத்தில் எழுதி வாங்குதல் நிலக்காரர் கடமை; அக்காகிதத்தை ஊர்க் கணக்கில் தவறாமற் சேர்த்து வைத்தல் கிராம அதிகாரி கடமை. விதை நெல்லைப் பத்திரமாகக் கட்டி வைக்கும் வீட்டில் இந்த ஏடுகளுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.